புயலின் பலமும் கடலின் உப்பும்: வங்கக் கடலுக்கு இணைப்பு மாதிரி ஏன் தேவைப்படுகிறது

2024 நவம்பர் கடைசி வாரத்தில் தென்மேற்கு வங்கக் கடலில் நிலைகொண்டிருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாகுமா, ஆகாதா என்பதில் அறிவிப்புகள் அடுத்தடுத்து மாறின. புயலாகும் என்று முதலில் சொல்லப்பட்டது. பிறகு அந்த வாய்ப்பு குறைந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. 29ஆம் தேதி அது ஃபெஞ்சல் புயலாகவே உருவெடுத்தது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பின்னும் நகராமல் நின்று, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கும் அதிகமான மழையைக் கொட்டியது. எந்தத் திசையில் போகும் என்பதை ஓரளவு நெருங்கிச் சொல்ல முடிகிறபோது, எவ்வளவு வலுப்பெறும் என்பதை ஏன் சொல்ல முடிவதில்லை என்ற கேள்வி அந்த நாட்களில் பலருக்கும் எழுந்தது.

புயல் செல்லும் பாதையைப் பெரும்பாலும் அதைச் சூழ்ந்துள்ள பரந்த காற்றோட்டமே முடிவு செய்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் அளவில் நிகழும் அந்த ஓட்டத்தைச் செயற்கைக்கோள்களும், வானிலையைக் கணக்கிடும் உலகளாவிய கணினி மாதிரிகளும் நன்றாகவே பிடித்துவிடுகின்றன. புயலின் வலிமை அப்படிப்பட்டதன்று. உயரத்துக்கு உயரம் காற்று மாறுபடும் அளவு, நடு வளிமண்டலத்தில் நுழையும் வறண்ட காற்று, கண்ணைச் சுற்றியுள்ள மேகச் சுவரின் உள்வினைகள் ஆகியவற்றோடு, புயலுக்குக் கீழே இருக்கும் கடலின் முதல் நூறு மீட்டரும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. இந்தக் கட்டுரை கடைசியாகச் சொன்ன அந்த நூறு மீட்டரைப் பற்றியது. வங்கக் கடலில் அதன் நடத்தையை முடிவு செய்வது வெப்பநிலை மட்டுமன்று, உப்பும்தான் என்பதே இதன் மையக் கருத்து. அதனால்தான் காற்றையும் கடலையும் சேர்த்தே கணக்கிடும் இணைப்பு மாதிரி இங்கே தேவைப்படுகிறது.

கடலும் காற்றும் எதைப் பரிமாறிக்கொள்கின்றன

காற்றும் நீரும் தொட்டுக்கொள்ளும் பரப்பில் மூன்று வகைப் பரிமாற்றங்கள் இடைவிடாமல் நடக்கின்றன.

1. உந்தம். காற்று நீரை இழுக்கிறது. அதனால் அலையும் நீரோட்டமும் உண்டாகின்றன. இந்த இழுவிசை காற்றின் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்பது முதல் தோராயம். காற்று நான்கு மடங்கு வேகமானால், இழுவிசை பதினாறு மடங்காகும். ஆனால் நொடிக்கு 30 மீட்டரைத் தாண்டிய புயற்காற்றில் கடற்பரப்பு நுரையும் திவலையுமாக மாறிவிடுவதால், இழுவைக் கெழு (காற்றின் வேகத்தை இழுவிசையாக மாற்றும் கணக்கிலுள்ள பெருக்கெண்) மேற்கொண்டு வளராமல் நின்றுவிடுகிறது. 2003 வாக்கில் புயல்களுக்குள் கருவிகளை இறக்கி எடுத்த அளவீடுகள் இதைக் காட்டிய பிறகு, மாதிரிகளில் இந்தச் சமன்பாடு திருத்தப்பட்டது.

2. வெப்பம். சூரிய ஒளியும் அகச்சிவப்புக் கதிர்வீச்சும் ஒரு புறமிருக்க, புயலுக்கு உணவாவது ஆவியாதலே. ஒரு கிலோ நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் வெப்பம் கடலிலிருந்து எடுக்கப்படுகிறது. நீராவி மேலே சென்று மேகமாகக் குளிரும்போது அதே வெப்பம் வளிமண்டலத்தில் வெளிப்படுகிறது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

3. நீர். மழை கடலுக்கு நன்னீரைத் தருகிறது. ஆவியாதல் நன்னீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுச் செல்கிறது. ஆற்று நீரும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இரண்டாவது பரிமாற்றத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கடற்பரப்பு 29 டிகிரி செல்சியஸ், காற்றின் வேகம் நொடிக்கு 15 மீட்டர் என்று கொள்வோம். நீரை ஒட்டியுள்ள காற்று தாங்கக்கூடிய ஈரத்துக்கும், மேலேயுள்ள காற்றில் உண்மையில் இருக்கும் ஈரத்துக்கும் இடையிலான வேறுபாடு, ஒரு கிலோ காற்றுக்கு 6 கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். வழக்கமான சூத்திரத்தின்படி, ஒரு சதுர மீட்டர் கடலிலிருந்து ஏறத்தாழ 320 வாட் வெப்பம் மேலேறும். ஒரு நாளில் அது 11 மில்லிமீட்டர் நீர் ஆவியாவதற்குச் சமம். இப்போது மேலேயுள்ள காற்றை மாற்றாமல், கடலை மட்டும் 1 டிகிரி குளிரவைத்தால், அந்த 6 கிராம் வேறுபாடு சுமார் 4.6 கிராமாகச் சுருங்கிவிடுகிறது. ஒரே ஒரு டிகிரியில் புயலின் உணவு ஏறத்தாழ கால் பங்கு குறைந்துபோகிறது. 26.5 டிகிரிக்கு மேல் கடல் வெப்பமாக இருந்தால் புயல் உருவாகும் என்று செய்திகளில் அடிக்கடி வரும் வாசகம் பிழையானதன்று; ஆனால் உருவான புயல் எவ்வளவு வளரும் என்பதை அந்த ஒரு எண் சொல்லாது.

கடலை மாறாத தரையாகக் கொள்ளும் மாதிரிகள்

நீண்ட காலமாக வட்டார வானிலை மாதிரிகள் பலவும், கடற்பரப்பின் வெப்பநிலையைத் தொடக்கத்தில் ஒருமுறை வாங்கிக்கொண்டு, முன்கணிப்புக் காலம் முழுவதும் அதை மாற்றாமலே வைத்திருந்தன. அந்த மாதிரிக்குள் கடல் ஓர் அட்சயப் பாத்திரம். புயல் எவ்வளவு வெப்பத்தை எடுத்தாலும் அது குறையாது.

உண்மையான கடல் அப்படி இருப்பதில்லை. புயற்காற்று மேல்நீரைக் கடைந்து, அடியிலுள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவருகிறது. புயல் கடந்த தடத்தில் குளிர்ந்த பட்டை ஒன்று செயற்கைக்கோள் படங்களில் தெளிவாகத் தெரியும். வடகோளத்தில் இந்தப் பட்டை புயலின் பாதைக்கு வலப்புறமாகவே பெரும்பாலும் ஒதுங்கியிருக்கும். பாதையின் வலப்புறத்தில் ஓரிடத்திலிருந்து பார்த்தால், புயல் கடந்து செல்லும்போது காற்றின் திசை வலஞ்சுழியாகத் திரும்புகிறது. பூமியின் சுழற்சியால் கடலின் மேல்நீரும் வலஞ்சுழியாகவே சுழல்கிறது. இரண்டும் ஒரே போக்கில் திரும்புவதால் நீரோட்டம் வலுத்துக் கலப்பு தீவிரமாகிறது. சென்னை அமைந்துள்ள 13 டிகிரி அட்சரேகையில் மேல்நீர் இப்படி ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 53 மணி நேரம் ஆகும். மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்புறம் என்பது வடக்குப் புறம்.

புயலின் நகர்வு வேகமும் இதில் சேர்கிறது. விரைந்து செல்லும் புயல், தான் குளிரவைத்த நீரைப் பின்னே விட்டுவிட்டுப் புதிய வெந்நீரின் மேல் ஏறிவிடும். ஓரிடத்தில் தங்கிவிடும் புயலோ, தான் குளிரவைத்த கடலின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கடலை மாறாத தரையாகக் கொள்ளும் மாதிரிக்கு இந்த இரண்டும் ஒன்றுதான். மெதுவாக நகரும் புயல்களை அத்தகைய மாதிரி தேவைக்கு மேல் வலுவாகக் காட்டுவதற்கு இதுவே முக்கியமான காரணம்.

மேலே நன்னீர், கீழே உப்புநீர்

இதுவரை சொன்னது எந்த வெப்பமண்டலக் கடலுக்கும் பொருந்தும். வங்கக் கடல் இங்கேதான் வேறுபடுகிறது.

கங்கையும் பிரம்மபுத்திராவும் மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் கன கிலோமீட்டர் நன்னீரை இந்தக் கடலில் சேர்க்கின்றன. மியான்மரின் ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா ஆகியவற்றின் நீரும், தென்மேற்குப் பருவமழையும் இதன்மேல் சேர்கின்றன. ஒரே அட்சரேகையில் இருக்கும் அரபிக்கடலின் மேல்நீரில் ஆயிரத்துக்கு 36 பங்கு அளவில் உப்பு இருக்கிறபோது, பருவமழைக்குப் பிந்தைய வட வங்கக் கடலின் மேல்நீரில் அது 30 பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இதன் விளைவை உணர, கடலைச் செங்குத்தாக வெட்டிப் பார்ப்பதாக எண்ணிக்கொள்வோம். மேலே 10 முதல் 20 மீட்டர் வரை உப்புக் குறைந்த, இலேசான நீர். காற்றால் எளிதில் கலக்கப்படும் இந்தப் பகுதி கலப்பு அடுக்கு எனப்படுகிறது. அதற்குக் கீழே, 50 அல்லது 60 மீட்டர் ஆழம் வரைகூட, வெப்பநிலை ஏறத்தாழ அப்படியே இருக்கும்; உப்பு மட்டும் கூடிக்கொண்டே போகும். இந்த இடைப்பகுதிக்குத் தடுப்பு அடுக்கு என்று பெயர். குளிர்ந்த நீர் அதற்கும் கீழேதான் தொடங்குகிறது. குளிர்காலத்தில் வட வங்கக் கடலின் தடுப்பு அடுக்கு, மேல்நீரைவிட வெப்பமாக இருப்பதும் உண்டு.

இலேசான நீரைக் கனமான நீரோடு கலக்க ஆற்றல் வேண்டும். 28 டிகிரி அளவிலான கடல்நீரில், உப்பு ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூடினால் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 0.75 கிலோ உயர்கிறது. ஒரு டிகிரி குளிர்ந்தாலோ சுமார் 0.34 கிலோதான் உயர்கிறது. ஆக, மேலுக்கும் கீழுக்கும் இடையே உப்பில் 3 பங்கு வேறுபாடு இருப்பது, வெப்பநிலையில் ஆறேழு டிகிரி வேறுபாடு இருப்பதற்கு நிகரான தடை. புயற்காற்று அந்தத் தடையை உடைத்துக் கீழே சென்றாலும், அங்கே கிடைப்பது குளிர்ந்த நீரன்று, இன்னொரு வெந்நீர் அடுக்கு.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேபாசிஸ் சென்குப்தாவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சுட்டியது: பருவமழைக்குப் பிந்தைய வட வங்கக் கடலில் புயல் உண்டாக்கும் கலப்பு கடற்பரப்பைக் குளிரவைப்பதில்லை. பருவமழைக்கு முந்தைய மாதங்களில் நிலைமை வேறு. மேல்நீர் 30 டிகிரியையும் தாண்டும், ஆனால் உப்பால் உண்டாகும் பாதுகாப்பு பொதுவாகக் குறைவு. 2008 மே 2ஆம் தேதி ஐராவதி டெல்டாவில் கரையேறி, ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் இறப்புக்கும் காணாமற்போதலுக்கும் காரணமான நர்கீஸ் புயல், வழக்கத்தைவிட ஆழமாகப் பரவியிருந்த வெந்நீரின் மேல் வந்து வலுப்பெற்றதாக ஆய்வுகள் காட்டின. இரண்டு சூழலிலும் விடை கடற்பரப்பின் வெப்பநிலைப் படத்தில் இல்லை. அதற்குக் கீழேதான் இருந்தது.

மெல்லிய கலப்பு அடுக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு நாள் முழுவதும் சதுர மீட்டருக்கு 200 வாட் வெப்பம் வெளியேறினால், 50 மீட்டர் அடுக்கு 0.1 டிகிரிகூடக் குளிராது. 10 மீட்டர் அடுக்கோ 0.4 டிகிரிக்கு மேல் குளிரும். வெயில் அடித்தால் அதே வேகத்தில் சூடேறும். பருவமழைக் காலத்தில் தீவிர மழை நாட்களும் இடைவெளி நாட்களும் மாறி மாறி வருவதில் இதற்குப் பங்கு உண்டு. தெளிந்த வானத்தின் கீழ் கடல் சூடேறுகிறது, சில நாட்கள் கழித்து அங்கே மேகம் திரள்கிறது, மேகமும் காற்றும் கடலைக் குளிரவைக்கின்றன. இந்தச் சுழற்சியில் எது முன்னே, எது பின்னே என்பதை இணைப்பு மாதிரிகளே சரிவரக் காட்டுகின்றன.

இணைப்பு மாதிரி எப்படி இயங்குகிறது

வளிமண்டல மாதிரி ஒன்றும் கடல் மாதிரி ஒன்றும் தனித்தனி நிரல்களாக ஒரே நேரத்தில் ஓடுகின்றன. வளிமண்டலத்துக்கு டபிள்யூஆர்எஃப், கடலுக்கு ரோம்ஸ் என்பது ஆய்வுலகில் பரவலாகப் பயன்படும் ஒரு சேர்க்கை. அலைகளுக்கென்று ஸ்வான் போன்ற மூன்றாவது மாதிரியையும் சேர்ப்பதுண்டு. இவற்றுக்கு இடையே நின்று தகவலைக் கைமாற்றும் நிரலுக்கு இணைப்பி என்று பெயர். ஒரு சுற்றில் நடப்பது இதுதான்:

1. வளிமண்டல மாதிரி தன் கீழ்மட்டக் காற்று, ஈரம், கதிர்வீச்சு, மழை ஆகியவற்றிலிருந்து இழுவிசையையும் வெப்பத்தையும் நன்னீரையும் கணக்கிட்டு இணைப்பியிடம் தருகிறது.

2. இணைப்பி அவற்றைக் கடல் மாதிரியின் கட்டங்களுக்கு, அதாவது கணக்குக்காகக் கடலைப் பிரித்துள்ள சிறு பகுதிகளுக்கு, ஏற்ப மாற்றித் தருகிறது. மாற்றும்போது மொத்த வெப்பமோ நீரோ கூடிவிடவோ குறைந்துவிடவோ கூடாது.

3. கடல் மாதிரி அதைக் கொண்டு நீரோட்டம், கலப்பு, வெப்பநிலை, உப்பு ஆகியவற்றை முன்னே நகர்த்துகிறது.

4. புதிய கடற்பரப்பு வெப்பநிலையும் மேல்நீரோட்டமும் வளிமண்டலத்துக்குத் திரும்பிச் செல்கின்றன. நீரோட்டமும் ஏன் என்றால், கடலை இழுப்பது காற்றின் வேகமன்று, காற்றுக்கும் நீருக்கும் இடையிலான வேக வேறுபாடு.

புயலுக்கான கணக்கில் இந்தக் கைமாற்றம் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிகழும். ஒவ்வொரு மாதிரிக்குள்ளும் காலப்படி, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையிலான நேரம், அதைவிட மிகச் சிறியது. 9 கிலோமீட்டர் கட்டமுள்ள வளிமண்டல மாதிரி ஏறத்தாழ 54 நொடிக்கு ஒருமுறை கணக்கிடுகிறது. 2,500 மீட்டர் ஆழக் கடலில் நீண்ட அலை நொடிக்கு 150 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும் என்பதால், 1 கிலோமீட்டர் கட்டமுள்ள கடல் மாதிரி தன் மேற்பரப்பு மட்டத்தைச் சில நொடிகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. கட்டத்தைப் பாதியாகச் சுருக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகிக் காலப்படியும் பாதியாவதால், கணிப்பு வேலை எட்டு மடங்காகிவிடுகிறது.

கரையோரம் ஒரு தனிச் சிக்கல். 25 கிலோமீட்டர் கட்டமுள்ள மாதிரிக்குப் பாக் நீரிணை ஒருசில கட்டங்களே. பாம்பன் கால்வாய் கண்ணுக்கே தெரியாது. வளிமண்டல மாதிரி ஒரு கட்டத்தை நிலம் என்று கொள்ள, கடல் மாதிரி அதே இடத்தைக் கடல் என்று கொண்டால், அந்தக் கட்டத்தில் நிலத்தின் பகல்வெப்பம் கடலுக்குள் புகுந்துவிடும். இரு மாதிரிகளின் நில வரைபடத்தையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டுத் திருத்தும் வேலை சலிப்பூட்டுவது. ஆனால் அதைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் இணைப்பை நம்ப முடியாது.

திறந்த எல்லைகளும் ஆற்று முகத்துவாரங்களும்

வட்டார மாதிரி என்பது உலகத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்பது. வங்கக் கடலுக்கு மூன்று புறம் நிலம். தெற்கு திறந்தே இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து கிளம்பும் நீண்ட அலைகள் சுமத்ரா கரையைத் தொட்டு, அந்தமான் கடலின் விளிம்பு வழியே சுற்றி, ஆந்திர, தமிழகக் கரைகள் வரை வந்து வெந்நீரின் ஆழத்தை மாற்றுகின்றன. கோடையில் இலங்கையின் தெற்கே வளைந்து வரும் பருவக்காற்று நீரோட்டம் அரபிக்கடலின் உப்புநீரைத் தென் வங்கக் கடலுக்குள் கொண்டுவருகிறது. இவை தெற்கு எல்லை வழியாகச் சரியாக நுழையாவிட்டால், உள்ளே எவ்வளவு நுண்ணிய கட்டம் இருந்தும் பயனில்லை.

ஆறுகள் விஷயத்தில் பல மாதிரிகள் நீண்டகால மாதச் சராசரி நீர்வரத்தையே பயன்படுத்துகின்றன. சில, மேல்நீரின் உப்பை வலிந்து சராசரி நிலைக்கு இழுத்துவைக்கின்றன. வெள்ள ஆண்டுக்கும் வறண்ட ஆண்டுக்கும் வேறுபாடு தெரியாத ஒரு கடலில் தடுப்பு அடுக்கின் தடிமன் எப்படிச் சரியாக வரும்? அடுத்த பெரிய முன்னேற்றம் கட்டங்களை நுணுக்குவதில் அல்ல, அன்றன்றைய ஆற்று நீர்வரத்தை மாதிரிக்குள் கொண்டுவருவதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆறுகள் பல நாடுகளின் வழியே ஓடுவதால், அந்தத் தரவைப் பெறுவது அறிவியல் வேலையாக மட்டும் முடிந்துவிடுவதில்லை.

இணைத்துவிட்டாலே போதுமா

போதாது. தவறான கடலோடு இணைக்கப்பட்ட மாதிரி, கடலே மாறாத மாதிரியைவிட மோசமான விடையைத் தரக்கூடும். தடுப்பு அடுக்கு இல்லாத கடலைத் தொடக்க நிலையாகக் கொடுத்தால், மாதிரிப் புயல் நிஜத்தில் இல்லாத குளிர்நீரை மேலே இழுத்துத் தன்னைத் தானே பலவீனப்படுத்திக்கொள்ளும். முன்கணிப்பு வலுவற்ற புயலைச் சொல்ல, கரைக்கு வருவது வலுவான புயலாக இருக்கும். இரண்டு பிழைகளில் இதுவே கூடுதல் ஆபத்தானது. 2017 நவம்பர் இறுதியில் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, ஒரு நாள் இடைவெளியில் குமரிக்கடலில் புயலாக மாறியபோது, கடலுக்குச் சென்றிருந்த கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் பலர் கரை திரும்பவில்லை. எந்தக் காரணத்தால் வந்தாலும், வலிமையைக் குறைத்துச் சொல்வதற்கான விலை அத்தகையது.

கவனிக்க வேண்டிய மற்றொன்று செங்குத்துப் பகுப்பு. மேல் 10 மீட்டரை ஒரே அடுக்காகக் கொள்ளும் கடல் மாதிரி, மெல்லிய நன்னீர்ப் படலத்தையும், அமைதியான நண்பகலில் முதல் இரண்டு மூன்று மீட்டர் மட்டும் சூடேறுவதையும் காட்டவே முடியாது. இங்கே மேற்பரப்பை ஒட்டி ஒரு மீட்டர் அளவிலான அடுக்குகள் வேண்டும். கட்டத்தைவிடச் சிறிய சுழிகளால் நடக்கும் கலப்பைக் குறிக்கும் சூத்திரங்களும் பெரும்பாலும் வேறு கடல்களில் சரிபார்க்கப்பட்டவை. உப்பால் அடுக்கப்பட்ட கடலில் அவற்றை மறுபடியும் சோதிக்க வேண்டும்.

அளவீடு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

தொடக்க நிலைக்கான கடலைத் தருவது அளவீடுகளே. உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்துகொண்டிருந்து, பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலே ஏறும் வழியில் வெப்பநிலையையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக் கடலில் நங்கூரமிட்ட மிதவைகளை இயக்குகிறது. ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இத்தரவுகளைத் திரட்டிக் கடல் மாதிரிகளை நடத்துகிறது. 2009 முதல் செயற்கைக்கோள்கள் கடற்பரப்பின் உப்பையும் விண்ணிலிருந்து அளக்கின்றன. ஆனால் நிலத்தின் குறுக்கீட்டால் கரையோரத்தில் அவற்றின் அளவீடு தெளிவாக இருப்பதில்லை, ஆழத்தை அவை பார்ப்பதும் இல்லை.

பத்து நாட்களுக்கு ஒருமுறை மேலெழும் மிதவை, நான்கு நாளில் உருவாகிக் கரையேறும் புயலைத் தவறவிடுவது இயல்பு. அதைவிடப் பெரிய குறை, ஆழ்கடலுக்கென்று உருவான அந்த மிதவைகள் கரையை ஒட்டிய ஆழமற்ற கண்டத்திட்டில் இயங்காதது. புயல் கரையை நெருங்கும் கடைசிச் சில மணி நேரங்களில் அதன் கீழே இருப்பது அந்தப் பகுதிதான். அங்கே கடல் மாதிரியைத் திருத்தக் கடலுக்குள்ளிருந்து எந்த அளவீடும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. நியூசிலாந்தில் மீன்பிடிப் படகுகளின் வலையிலும் தூண்டிலிலும் சிறு கருவிகளைப் பொருத்தி, ஆழத்தையும் வெப்பநிலையையும் திரட்டிக் கடல் மாதிரிக்கு அனுப்புகிறார்கள். நம் கரையில் அன்றாடம் கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளையும் நாட்டுப்படகுகளையும் கொண்டு அதைச் செய்ய முடியும். ஆனால் இந்தக் கடலுக்கு அந்தக் கருவி வெப்பநிலையோடு உப்பையும் அளப்பதாக இருக்க வேண்டும்.